இறக்கத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவன்

முதல் நாள் காலை ஏழு மணிக்கு வாசலுக்கு வந்தால், சுவரில் சாய்த்தபடி ஒரு சைக்கிள் நின்றிருந்தது. கறுப்பு நிறம், உயரமான சீட், பின்னால் ஒரு ஆட்டையே உட்கார வைக்கலாம் போல அகலமான கேரியர். துடைத்து, எண்ணெய் போட்டு, ஹேண்டில் பாரில் ஒரு செம்பருத்திப் பூவையும் செருகி வைத்திருந்தார்கள்.

“உங்களுக்குத்தாங்க,” என்றார் ராஜேஸ்வரி அக்கா. நான் தங்கியிருந்த வீட்டுக்காரர். “ஸ்டோருக்கு நாலு கிலோமீட்டர்தான். அம்புட்டும் எறக்கம். மிதிக்கவே வேணாம், ஒக்காந்தாப் போதும்.”

ஸ்டோர் என்றால் இங்கே தேயிலைத் தொழிற்சாலை. அவருடைய கணவர் சந்தனம் அண்ணன் அங்கேதான் கிளாக்கர், கணக்கு எழுதுகிறவர். இலங்கையில் யட்டியாந்தோட்டைக்கு மேலே, பாதி ரப்பரும் பாதி தேயிலையுமாக இருந்த அந்தத் தோட்டத்துக்கு தேயிலைத் தூளைச் சலிக்கும் இயந்திரம் ஒன்றைப் பொருத்திக் கொடுக்க வந்திருந்தேன். கோயம்புத்தூரில் தேயிலை இயந்திரங்கள் செய்கிற கம்பெனி ஒன்றில் ஃபிட்டர் வேலை எனக்கு. வயது நாற்பத்து நான்கு. போர் நிறுத்தம் நடப்பில் இருந்த காலம் அது. இப்போது போனால்தான் உண்டு என்று முதலாளி அனுப்பிவிட்டார். மூன்று வாரத்தில் இயந்திரத்தை ஓட்டிக் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டும்.

எந்த இயந்திரத்தையும் கழற்றிப் பூட்டுவேன். ஓடுகிற மோட்டாரின் மேல் கையை வைத்து, எந்த பேரிங் கெட்டிருக்கிறது என்று சொல்வேன். ஆனால் எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.

மில்லுக்குப் போகிறவர்களின் சைக்கிள் மணிச் சத்தத்தில் ஊரே விழித்த காலத்தில் வளர்ந்தவன் நான். பன்னிரண்டு வயதில் அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு, தெருமுனைச் சாக்கடையில் போய் விழுந்தேன். குழாயடியில் தண்ணீருக்கு நின்ற மொத்தத் தெருவும் அதைப் பார்த்தது. அதோடு சரி. டவுன் பஸ்ஸில் போவதுதான் பிடிக்கும் என்று முப்பது வருடங்களாகச் சொல்லிச் சொல்லி, எனக்கே அது உண்மையாகிவிட்டது.

இதை ராஜேஸ்வரி அக்காவிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பூ என்னைத் தடுத்தது. இந்தியாவிலிருந்து வந்த ஃபிட்டர் சைக்கிளில் ஏறிப் போவதைப் பார்க்கப் பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கு பேர் வேறு வேலியோரம் நின்றிருந்தார்கள். முதல் நாள் கொஞ்சம் நடந்து போய் இடத்தைப் பார்க்கிறேன் என்று சொல்லி, சைக்கிளை உருட்டிக்கொண்டு கிளம்பினேன். வளைவு தாண்டியதும் பூவை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

நான் பிறகு பல சாலைகளைப் பார்த்தாயிற்று. ஸ்டோருக்குப் போகும் அந்த ரோட்டைப் போல ஒன்றைப் பார்க்கவில்லை. இடது கைப் பக்கம் ரப்பர் மரங்கள். ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு சிரட்டை, அதில் சொட்டுச் சொட்டாகப் பால். வலது கைப் பக்கம் தேயிலை, மேசை விரிப்பு மாதிரி மட்டமாக வெட்டி விட்டிருந்தார்கள். நடுவில் ஒரு சிற்றோடை ரோட்டைக் குறுக்கே கடந்து, யாரையும் கேட்காமல் மறுபக்கம் இறங்கிப் போயிற்று. சாலை முழுக்க மெல்லிய இறக்கம். சைக்கிள் தானாகவே ஓடப் பார்த்தது. நான் நாய்ச் சங்கிலியைப் பிடித்திருப்பவன் மாதிரி பின்னுக்கு இழுத்துக்கொண்டே போனேன். ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளுகிறவர்களை உலகமெங்கும் பார்க்கலாம். இறக்கத்தில் தள்ளிக்கொண்டு போன ஆள் அந்த மலையில் நான் ஒருவன்தான்.

பாதி வழியில் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அவர்களில் சரோஜா என்பவர் என் வயதுக்காரர், தயக்கம் இல்லாதவர். கொஞ்ச தூரம் என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பழுதா என்று கேட்டார். பிரேக் சரியில்லை என்றேன். வாயில் வந்த முதல் பொய் அதுதான்.

அது பெரிய தப்பாகப் போய்விட்டது. அடுத்த வளைவில் ஒரு பலகைக் கொட்டகை. அதில் குணபால என்று ஒரு சைக்கிள் மெக்கானிக். சிங்களவர், ஐம்பதை நெருங்கியவர், பேச்சு மிகக் குறைவு. சரோஜா அவரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, அவர் என் கையிலிருந்து சைக்கிளை வாங்கி, இரண்டு பிரேக் கட்டைகளையும் மாற்றி, “ஹரி மாத்தயா,” சரி ஐயா, என்று திருப்பித் தந்தார். எல்லாம் பத்தே நிமிடம். சரியாகிவிட்ட சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான் மறுபடியும் நடந்தேன்.

இரண்டாம் நாள் டயரில் காற்று இல்லை என்றேன். காற்று அடித்து, வால்வ் டியூபையும் மாற்றிவிட்டார். மூன்றாம் நாள் செயின் கழல்கிறது என்றேன். செயினையே கழற்றி, மண்ணெண்ணெயில் ஊற வைத்து மாட்டினார். நான்காம் நாள் சீட் உயரம். ஐந்தாம் நாள் முன் சக்கரத்தில் ஆட்டம். ஆறாம் நாள் சொல்வதற்கு வேறு எதுவும் கிடைக்காமல் மணி சரியாக அடிக்கவில்லை என்றேன். குணபால மணியைக் கழற்றி உள்ளே பார்த்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அடித்துக் காட்டினார். கோயில் மணி போலக் கேட்டது. அந்தச் சனிக்கிழமை நிலவரப்படி, அந்தத் தோட்டத்திலேயே ஆக நல்ல சைக்கிள் என்னுடையதுதான்.

இதற்கிடையே பெண்கள் என் சைக்கிளுக்கு வேறு ஒரு உபயோகம் கண்டுபிடித்திருந்தார்கள். “ஏறாட்டி சும்மாதானேங்க வருது,” என்று சரோஜா தன் கூடையை ஹேண்டிலில் மாட்டினார். அடுத்த நாள் இன்னொரு கூடை. பிறகு சாப்பாட்டுத் தூக்குகள், இடுப்பில் கட்டும் சாக்குகள், குடைகள். வியாழக்கிழமை கேரியரில் ஒரு பெரிய பலாக்காய் உட்கார்ந்து வந்தது. அன்று மத்தியானம் அதன் கறி ஒரு கிண்ணம் ஸ்டோருக்கே வந்து சேர்ந்தது. தேங்காய்ப்பாலும் மிளகும் போட்டு, இறைச்சி மாதிரி. எங்கள் ஊரில் பலாவைப் பழுத்த பிறகுதான் தெரியும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் நன்றி கெட்டவன் ஆவேன். காலையில் ராஜேஸ்வரி அக்கா சுடும் தேங்காய் ரொட்டி, கூடவே கண்ணில் நீர் வரவழைக்கும் சம்பல் என்ற தேங்காய்த் துவையல். தேத்தண்ணியில் பால் கிடையாது. உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து, நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். முதல் நாள் சீனியை டம்ளரில் கொட்டிக் கலக்கினேன். வீடே என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. ரசம் கேட்டால் கொத்தமல்லித் தண்ணி மாதிரி ஒன்று வந்தது. அதையும் குடித்தேன்.

மாலைதான் எனக்குச் சொர்க்கம். வீட்டுக்குத் திரும்புவது ஏற்றம். சைக்கிள் வைத்திருந்த எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். அந்த ஒரு மணி நேரம் நானும் மற்றவர்களும் ஒன்று. மூன்று மணி மழை விட்டு, ரோடு ஆவி பறக்க, ரப்பர் மரங்களிலிருந்து நீர் சொட்ட, பேசிக்கொண்டே தள்ளினோம். பெண்கள் தங்களுக்குள் பேசியது காதில் விழும். ஒருத்தியின் மருமகன் கொழும்பில் கடை வேலையை விட்டுவிட்டான். இன்னொருத்தி கொழுந்து நிறுக்கும் புதுக் கணக்கப்பிள்ளைக்குக் கண் பார்வை போதாது என்றாள், தராசு முள் அவருக்கு மட்டும் தள்ளித் தெரிகிறதாம். வேலை முடிந்து வீட்டுக்குப் போவதில் இவ்வளவு சுகம் இருப்பதை டவுன் பஸ்ஸில் ஒருநாளும் உணர்ந்ததில்லை. அட்டைகள் மட்டும் இல்லாமல் இருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவை காலுறைக்குள் போய், ஊர்க்காரர்களை விட்டுவிட்டு இந்தியாக்காரனைத்தான் தேடிப் பிடித்தன.

ஞாயிற்றுக்கிழமை பஜாரில் டெலிபோன் கடைக்குப் போய் மனைவியோடு பேசினேன். வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்றாள். பொய் சொல்லவில்லை. “சைக்கிளோடதான் போறேன்,” என்றேன். அந்த ‘ஓடு’ அவள் காதில் விழவில்லை. ஆச்சரியப்பட்டு, அம்மாவிடம் சொல்லப் போய்விட்டாள்.

எட்டாம் நாள், திங்கட்கிழமை, குணபாலவின் கொட்டகைக்கு முன்னால் நானாகவே நின்றேன். பழக்கமாகிவிட்டது. ஆனால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர் சைக்கிளை ஒருமுறை சுற்றி வந்தார். பிரேக்கை அழுத்தினார், சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டார், மணியை அடித்தார். பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, சரோஜாவிடம் சிங்களத்தில் மெதுவாக நாலு வார்த்தை சொன்னார். மற்ற பெண்கள் சட்டென்று தேயிலையைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

“என்னங்க சொல்றாரு?” என்று கேட்டேன்.

சரோஜா கொஞ்சம் யோசித்துவிட்டு மொழிபெயர்த்தார். “பைசிக்கிள்ள இனிமே ஒரு கொறையும் இல்லையாங்க. மிச்சம் இருக்குறது ஐயாதானாம்.”

நான் சிரித்தேன். சிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. எப்போது தெரிந்தது என்று கேட்டேன். முதல் நாளே தெரிந்ததாம். சைக்கிள் தெரிந்தவன் அதை இடது பக்கம் நின்று உருட்டுவானாம், நான் வலது பக்கம் நின்று உருட்டினேனாம். ஸ்டோரில் தெரியும், லயத்து வரிசை வீடுகளில் தெரியும், கோயில் பூசாரிக்குக்கூடத் தெரியும். ஆனால் விருந்தாளியிடம் இதைப் போய் எப்படிச் சொல்வது என்று எல்லோரும் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

பெண்கள் முன்னால் நடந்த பிறகு சரோஜா பின்தங்கினார். அவர் குரல் மாறியிருந்தது. “இதை அவரு சொல்லல, நான் சொல்றேன். அந்தச் சைக்கிளு சந்தனம் ஐயாவோடது. அவரு தெனம் குறுக்குப் பாதையில நடந்துதான் ஸ்டோருக்குப் போறாரு. முட்டி சரியில்லாத மனுசன்.”

சந்தனம் அண்ணன் காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவார். எப்படிப் போகிறீர்கள் என்று முதல் நாளே கேட்டிருந்தேன். லொறி இருக்கிறது என்றார், நம்பிவிட்டேன். சாயங்காலம் அவர் முழங்காலில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்த்தேன். வயதானால் எல்லோருக்கும் வருவதுதானே என்று நினைத்துக்கொண்டு ரொட்டியைத் தின்றேன். அன்று முழுவதும் ஸ்டோரில் ஒரு போல்ட்டை இரண்டு முறை தப்பாக முறுக்கினேன்.

மறுநாள் அவர் போன கொஞ்ச நேரத்தில் நானும் எழுந்து கிளம்பினேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக இறங்கினேன். அப்போதுதான் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. குறுக்குப் பாதை ரோட்டைத் தொடுகிற இடத்தில் காத்து நின்றேன். தேயிலைக்கு நடுவே கல் படிகளில் ஒருவர் பக்கவாட்டாக, ஒரு காலை மட்டும் முன்வைத்து இறங்கி வந்தார். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, காலில் போடும் சப்பாத்துகளைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். ரோட்டுக்கு வந்ததும் கல்லில் உட்கார்ந்து அட்டைகளைப் பிய்த்துப் போட்டார். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டார்.

“லொறி இன்னிக்கு வரலீங்க,” என்றார்.

“அண்ணே, எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதுங்க. சொல்ல வெக்கப்பட்டுட்டு உங்களை இப்படி நடக்க வெச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க.”

அவர் சப்பாத்தைப் போட்டு, நாடாவைக் கட்டி முடித்தார். பிறகு தனக்கும் தெரியும் என்றார். பிறகு ஏன் சைக்கிளைத் திருப்பிக் கேட்கவில்லை என்றேன்.

“திருப்பிக் கேட்டா, ஏன் கேக்குறேன்னு சொல்லணுமே. தெரியும்னு சொன்னா உங்களுக்குக் கூச்சமாப் போயிரும். நாளைக்குச் சொல்லுவீங்க, நாளைக்குச் சொல்லுவீங்கன்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன்.”

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதை செய்து, நடுவில் ஒரு நல்ல சைக்கிளைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தோம். அவர் முழங்கால் வீங்கியிருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்து, கால்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு சைக்கிளில் ஏறி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, பின்னால் உட்காரச் சொன்னார். இறக்கம்தான், காலுக்கு வேலை இல்லை என்றார். உட்கார்ந்தேன். எட்டு நாளாக நான் பின்னுக்கு இழுத்துப் பிடித்த அந்தச் சைக்கிளை அவர் போக விட்டார். காது நிறையக் காற்று. நடந்தால் அரை மணி நேரம் ஆகிற மிச்ச வழி, எட்டு நிமிடத்தில் முடிந்தது. இறங்கியபோது இன்னும் நாலு கிலோமீட்டர் இருந்தால் என்ன என்று தோன்றியது.

அன்று மாலையே பாடம் தொடங்கியது. காலையில் வேலையாட்கள் கூடுகிற பெரட்டுக் களம் குணபாலவின் கொட்டகைக்கு மேலேதான். லேசான சரிவு. குணபால வந்தார், ஸ்பேனரை எடுத்தார், ஒரு வாரமாகப் பார்த்துப் பார்த்துச் சரி செய்த சைக்கிளிலிருந்து இரண்டு பெடல்களையும் கழற்றினார். சீட்டைக் கடைசிவரை இறக்கினார். மிதிக்காதே, காலைத் தொங்கவிட்டுச் சும்மா உருண்டு போ என்று கையாலேயே காட்டினார். எனக்கு உடனே புரிந்தது. நாங்களும் புது மோட்டாரை முதலில் பெல்ட் மாட்டாமல்தான் ஓட்டிப் பார்ப்போம். அப்பா இதைச் செய்திருந்தால் அந்தச் சாக்கடைக்கு வேலையே இருந்திருக்காது.

முதல் நாள் ஏழு முறை விழுந்தேன். தேயிலைச் செடி மேல் விழுந்தால் அடிபடாது, அது நம்மைத் தாங்கி மெதுவாகக் கீழே வைக்கும். இரண்டாம் நாள் நான்கு முறை. வேலை முடிந்த பெண்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள். குழாயடியை நினைத்து முதலில் உடம்பு கூசியது. ஆனால் இவர்கள் யாரும் சிரிக்கவில்லை. விழும்போதெல்லாம் சரோஜா, செடிக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் விசாரித்தார். சனிக்கிழமை குணபால பெடல்களை மாட்டினார். மிதித்தேன். களத்தின் அந்தக் கோடிவரை போனேன். திருப்பத் தெரியாமல் ரப்பர் மரத்தில் போய் நின்றேன். ஆனால் போனேன்.

ஞாயிறு அன்று, பஜாருக்கும் இறக்கம்தான் என்பதால், சந்தனம் அண்ணன் ஓட்ட, நான் பின்னால் உட்கார, பஜாருக்குப் போனோம். சந்தியில் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். ஒரு சைக்கிளில் இரண்டு பேர் போகக் கூடாதாம். சந்தனம் அண்ணன் சிங்களத்தில் நீளமாக விளக்கினார். நடுவில் ‘இந்தியாவ’ என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. போலீஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சீக்கிரம் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள், அதுவரை சந்திக்கு இந்தப் பக்கம் இறங்கி நடக்கச் சொல்லுங்கள் என்றாராம். ஆக, என் விஷயம் இலங்கை அரசாங்கம்வரை போய்விட்டது.

மூன்றாவது வாரம் நான்தான் மிதித்தேன். சந்தனம் அண்ணனை நடக்க விடுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். முழங்கால் வீக்கம் வற்றும்வரை, கொழுந்து லொறியை உண்மையாகவே காலையில் வீட்டு வாசலுக்கு வரவழைத்தேன். ஸ்டோரை நடத்தும் பெரியவரிடம் பேசி, இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கக் கிளாக்கர் தேவை என்று ஒரு காரணமும் சொன்னேன். அதில் பொய் பாதிதான். காலை ஏழு மணிக்குத் தனியாக அந்த இறக்கத்தில் போவேன். வளைவில் பெண்கள் ஒதுங்கி வழி விடுவார்கள். கூடைகளைச் சுமக்க ஆள் இல்லாமல் போய்விட்டது என்று அவர்களுக்குக் குறைதான். அதனால் செவ்வாய்க்கிழமை இறங்கி, கூடைகளை மாட்டிக்கொண்டு பழையபடி உருட்டிக்கொண்டே போனேன். இந்தத் தடவை இடது பக்கம் நின்று.

புதன்கிழமை இயந்திரம் ஓடியது. வியாழக்கிழமை சாயங்காலம் ஐம்பது கிலோ தேயிலைத் தூள் மூட்டை ஒன்றைக் கேரியரில் கட்டி, பெரட்டுக் களத்தில் ஓட்டிப் பார்த்தேன். எதற்கு என்று சரோஜா கேட்டார். லோடு டெஸ்ட் என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. “மூட்டை ஆடாதுங்க. சந்தனம் ஐயா ஆடுவாரு,” என்று மட்டும் எச்சரித்தார்.

வெள்ளிக்கிழமை என் கடைசிக் காலை. சைக்கிளை வாசலில் நிறுத்தி, பின்னால் உட்காருங்கள் என்று சந்தனம் அண்ணனிடம் சொன்னேன். அவர் மனைவியைப் பார்த்தார். ராஜேஸ்வரி அக்கா உள்ளே போய் ஒரு சாக்கை மடித்து எடுத்து வந்து கேரியரில் போட்டார். சந்தனம் அண்ணன் ஏறிக்கொண்டார். சைக்கிள் இரண்டு முறை பாம்பு மாதிரி நெளிந்து, பிறகு நேரானது. என் கண் ரோட்டை விட்டு அசையவில்லை. கைகள் ஹேண்டில் பாரை நெரித்துக்கொண்டிருந்தன. ஓடையைத் தாண்டினோம். குணபால கொட்டகை வாசலில் எழுந்து நின்றார். கையை எடுக்கப் பயந்து, தலையை மட்டும் ஆட்டினேன்.

பின்னால் சத்தமே இல்லை. பயந்துவிட்டாரோ என்று நினைத்தேன். இறக்கம் முக்கால்வாசி முடிந்த பிறகுதான் பேசினார்.

“பத்தொன்பது வருசமா இந்த ரோட்டுல போறேங்க,” என்றார். “ரோட்டைப் பாத்தே ஓட்டிட்டேன். ரெண்டு பக்கமும் என்னா இருக்குன்னு இன்னிக்குத்தான் பாக்குறேன்.”

என்ன தெரிகிறது என்று கேட்டேன். அவர் சொல்லத் தொடங்கினார். நான் பிரேக்கை லேசாகப் பிடித்து, வேகத்தைக் குறைத்தேன்.